சேர்த்தது, அழித்தது

மட்டக்களப்பில் ஒரு புகைப்படக் கண்காட்சி. உள்ளே வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இது எடிட் பண்ணின படமா?" கேட்கிற தொனியிலேயே ஒரு குறை இருக்கும். ஓம் என்று பதில் வந்ததும், மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிற மாதிரி, அந்தப் படத்தை விட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இந்தக் குறையைச் சொல்வதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. எடிட் பண்ணின படம் இல்லாத வீடு இந்த ஊரில் எத்தனை இருக்கும்? முன்ஹோலில், சாமிப் படங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, பிளாஸ்டிக் மாலை போட்டு, சின்ன சிவப்பு பல்ப் எரிய மாட்டியிருக்கும் அந்தப் படத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

எங்கள் பெரியப்பா வாழ்நாளில் கோட்டுப் போட்டதில்லை. வயலுக்குச் சாரன், கோயிலுக்கு வேட்டி, கச்சேரிக்கு (அரசாங்க அலுவலகத்துக்கு) போவதென்றால் ஒரு வெள்ளை அரைக்கைச் சட்டை. அவர் போனபின், முப்பத்தோராம் நாளுக்குப் பெரிதாக ஒரு படம் வேண்டும் என்று தேடினால் வீட்டில் இருந்தது அடையாள அட்டை மட்டும்தான். 1972இலிருந்து கொடுக்கத் தொடங்கிய, லேமினேட் பண்ணிய, மூலையெல்லாம் மஞ்சளான அந்த அட்டை. அதைக் கொண்டுபோய் ஸ்டூடியோவில் கொடுத்தோம். வந்த படத்தில் பெரியப்பா கடும்நீலக் கோட்டும் சிவப்பு டையும் கட்டி, வானமும் இல்லாத சுவரும் இல்லாத ஒரு நீலத்துக்கு முன்னால் நிற்கிறார். கழுத்து மட்டும் கொஞ்சம் தடிப்பு. தலைக்கும் கொலருக்கும் நடுவே தோலின் நிறம் ஒருமுறை மாறுகிறது. பெரியம்மா பார்த்துவிட்டு, "கச்சேரி ஐயா மாதிரி இரிக்காரு" என்று சந்தோஷப்பட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஆரையம்பதியில் ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். அங்கே சுவரில் வேறொரு தலை, அதே கோட்டு. அதே டையில் அதே சின்ன மடிப்பு, இடது தோளில் அதே வெளிச்சம். ஸ்டூடியோக்காரரிடம் ஆண்களுக்கு ஒரு கோட்டு, பெண்களுக்கு ஒரு பட்டுச்சேலை கணினியில் கிடந்திருக்கிறது. ஊரில் பாதிப் பேர் செத்தபின் மாறி மாறி அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இது கணினி வந்தபின் வந்த பழக்கமும் இல்லை. நெகட்டிவ் காலத்திலேயே 'டச்சிங்' இருந்தது. நெகட்டிவின் மேல் ஒரு மங்கல் வார்னிஷைத் தடவி, நன்றாகக் கூராக்கிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் கரி பட்ட இடம் படத்தில் வெளுக்கும் என்பதால், சுருக்கத்தின் மேல் பென்சில் வைத்தால் சுருக்கம் போய்விடும். அம்மைத் தழும்பு போகும், கன்னக்குழி நிரம்பும். ஒரு கல்யாணப் படத்தில் பொம்பிளையின் வயதில் ஐந்து வருசத்தைக் குறைக்க ஒரு மாலைப்பொழுது போதும். அதையெல்லாம் யாரும் 'எடிட்' என்று முகம் சுளித்ததில்லை. "நல்லா விழுந்திருக்கு" என்றுதான் சொன்னார்கள்.

அப்புறம் 2004 டிசம்பர் 26, சுனாமி. நாவலடி, கல்லடி, டச்பார் கரையோரத்தில் வீடுகளோடு அல்பங்களும் போயின. மிஞ்சியவர்கள் தேடிப் போனது உறவினர் வீட்டு அல்பங்களை. யாரோ ஒருவரின் கல்யாணத்தில் மூன்றாவது வரிசையில், ஒரு காதும் அரைவாசித் தோளும் மறைந்து நின்ற முகத்தை வெட்டியெடுத்து, மறைந்த காதை மற்றக் காதிலிருந்து திருப்பிப் போட்டு, தாய்க்கும் பிள்ளைக்கும் ஸ்டூடியோவில் சேர்ந்து நிற்கிற படம் செய்தார்கள். அவர்கள் சேர்ந்து நின்று ஒரு படம்கூட எடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்து யாராவது "இது எடிட்டா" என்று கேட்டிருப்பார்களா?

சரி, கண்காட்சிக்கு வருகிறேன்.

புளியந்தீவில் ஒரு பழைய வீடு. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். முன் விறாந்தையையும் இரண்டு அறைகளையும் துப்புரவாக்கி, சுவருக்கு வெள்ளையடித்து, படங்களை மாட்டியிருந்தார்கள். படங்களுக்குச் சொந்தக்காரர் இங்கே பிறந்து வளர்ந்து, கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனியில் ரீடச்சராக இருக்கிற தம்பி. பிஸ்கட்டில் இருக்கிற வெடிப்பை அகற்றுவதும், சோற்றுக்கு மேல் ஆவி பறக்க வைப்பதும் அவருடைய பகல் வேலை. வேலை செய்யும் இடத்தில் தெரிய வேண்டாம், பெயரை எழுதாதீர்கள் என்றார். அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். அவருக்கு இது முதல் தனிக் கண்காட்சி. வேறு யாருடைய படமும் பக்கத்தில் இல்லாமல் தன்னுடையது மட்டும் சுவர் முழுக்க நிற்பதைப் பார்க்கிறபோது, "உடுப்பில்லாம நிக்கிற மாதிரி இரிக்கு அண்ணே" என்றார்.

கொழும்பில் தடித்த பருத்திக் காகிதத்தில் அச்சிட்டு, படங்களை நாலங்குலப் பீ.வீ.சீ. குழாய்க்குள் சுருட்டி வைத்து, இரு பக்கமும் மூடியடித்து இரவு பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார். தண்ணீர்க் குழாய் என்று நினைத்து கண்டக்டர் லக்கேஜ் காசு கேட்டாராம். பருத்திக் காகிதத்தில் பிக்மெண்ட் மையால் அடித்தால், நல்ல சூழலில் பல பத்தாண்டுகள் நிறம் மங்காது. நம்ம ஊர் நல்ல சூழல் இல்லை என்பதுதான் சிக்கல். பகலில் கச்சான் காற்றில் காய்ந்து, இரவில் வாவி ஈரத்தை உறிஞ்சி, கண்ணாடி போடாத முதல் அறைப் படங்கள் எல்லாம் ஓரத்தில் அலை விழுந்து நின்றன. மேற்பரப்பின் மென்மை தெரிய வேண்டும் என்று தம்பி வேண்டுமென்றே கண்ணாடி போடவில்லை. ஃபிரேம் அடித்துக் கொடுத்த காத்தான்குடி நானாவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) இதில் கடும் கோபம். "உப்புக் காத்து தம்பி. மூணு மழைக்கு நிக்காது. பூஞ்சணம் புடிச்சுப் போடும்." மற்ற அறையில் அவர் பேச்சு எடுபட்டிருந்தது, கண்ணாடி இருந்தது. ஆனால் கண்ணாடியில் எதிர்ச் சன்னலும் தெரு மதிலும் தெரிந்ததால், படத்தைப் பார்க்க ஒவ்வொருவரும் தலையைச் சரித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டும் தோல்விதான், என்னைக் கேட்டால். ஆனால் இந்த ஊரில் ஒரு படத்தை முறையாக வெளிச்சம் போட்டு மாட்டுகிற இடத்துக்கு எங்கே போவது?

முதல் அறையில் நேரெதிரே ஒரு படம். கல்லடி வாவி, விடியற்காலை, காற்றில்லாத தண்ணீர். அதில் பாலத்தின் நிழல் மட்டும் விழுந்திருக்கிறது. 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம். அப்போதைய ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரால் லேடி மானிங் பாலம். அதன் இரும்புச் சட்டங்கள் ஒவ்வொன்றும் தண்ணீருக்குள் தலைகீழாக இருக்கின்றன. மேலே பாலம் இல்லை. 2013இல் பக்கத்தில் திறந்த புதுப் பாலமும் இல்லை. எழுவான்கரைக்கும் புளியந்தீவுக்கும் நடுவே வெறும் பனிப்புகை.

முதலில் பார்க்கும்போது ஒன்றும் உறைக்காது. அழகான நிழல் என்று கடந்துவிடுவீர்கள். அப்புறம்தான் கண் மேலே போகும். நிழலுக்குச் சொந்தமானதைத் தேடும். என்னோடு நின்ற ஒரு வயதானவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதென்ன மனே, பாலத்த எங்க?" தம்பி சிரித்துக்கொண்டு, "அழிச்சிட்டன் ஐயா" என்றார். "அப்ப நாங்க எப்பிடி அங்கால போற?" அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. பாலம் மூடப்பட்ட நாட்கள் இந்த ஊரில் இருந்திருக்கின்றன. சுற்றிவளைப்பு நாளில் அக்கரையில் மாட்டிக்கொண்டு நின்ற கதை அவரிடம் இருந்தது. சொன்னார். நீளமான கதை. தம்பி முழுவதையும் கேட்டார்.

அதை எப்படிச் செய்தார் என்று கேட்டேன். பாலத்தை அழிப்பது லேசாம். அழித்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் வேலை. பாலத்துக்குப் பின்னால் மறைந்திருந்த கரையைப் பாலத்தின் மேலிருந்து தனியாக எடுத்து, பனிப்புகையை இன்னொரு விடியலிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு லேயராக அடுக்கி, எது எங்கே தெரிய வேண்டும் என்று மாஸ்க் வைத்து மறைத்து மறைத்துக் கொண்டுவந்திருக்கிறார். கடினம் தண்ணீரில்தான். பாலத்தின் நிழலை வைத்துக்கொண்டு, அதற்கிடையே தெரிந்த புதுப் பாலத்தின் நிழலை மட்டும் எடுக்க வேண்டும். சட்டத்துக்குச் சட்டம், நகம் அளவு துண்டுகளாக. இரவு வேலை முடிந்து வந்து மாதக்கணக்கில் செய்திருக்கிறார்.

இதே வழியில் போன ஒரு பெரிய படம் உலகில் உண்டு. ஜெர்மானியர் அந்திரியாஸ் குர்ஸ்கி 1999இல் ரைன் நதியை எடுத்து, அக்கரையில் இருந்த கட்டடங்களையும் நாய் கூட்டிக்கொண்டு போனவரையும் அழித்து, புல், தண்ணீர், புல், வானம் என்று பட்டை பட்டையாக மட்டும் விட்டார். 2011இல் அது 43 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலம் போனது. ஆனால் குர்ஸ்கியின் நதியில் எது அழிந்தது என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் துக்கமில்லை. கல்லடியில் பாலத்தை அழித்தால் ஒரு முதியவர் வழி கேட்கிறார். எனக்கு நம்ம தம்பியின் படம்தான் பெரிதாகப் பட்டது. ஊர்ப் பாசம் என்று சொல்வீர்களாக்கும், சொல்லிக்கொள்ளுங்கள்.

ஏ.எல். படிக்கிற ஒரு பொடியன் கூட்டாளிகளோடு வந்திருந்தான். நல்ல வாய். "என்ட போன்ல எடுக்கிற படம் நெச்சுரல். இதெல்லாம் போட்டோஷொப்." அவனோடு கொஞ்ச நேரம் கதைத்தேன்.

போட்டோஷொப்பை 1990இல் வெளியே விட்டார்கள், தோமஸ் நோல், ஜோன் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கியது. லேயர் என்ற வசதி அதில் 1994இல்தான் வந்தது. ஆனால் அடுக்கி ஒட்டுகிற வேலை அதற்கு நூற்று முப்பது வருசம் மூத்தது. புகைப்படக்கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டு இருபது வயதாவதற்குள் தொடங்கிவிட்டது. பிரான்சில் குஸ்தாவ் லு கிரே 1850களில் கடலைப் படமெடுத்தபோது, அந்தக்கால இரசாயனப் பூச்சு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி உணர்திறன் கொண்டிருந்ததால், கடல் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே காகிதத்தில் சேர்த்தார். 1857இல் ஒஸ்கார் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரு பெரிய படம் செய்தார். விக்டோரியா மகாராணி ஒரு பிரதி வாங்கினார். அடுத்த வருசம் ஹென்றி பீச் ரொபின்சன் சாகக் கிடக்கிற ஒரு பெண்ணையும் சுற்றி நிற்கிற குடும்பத்தையும் ஐந்து நெகட்டிவ்களில் எடுத்து ஒன்றாக்கினார். இப்படியொரு சாவுப் படுக்கையைப் படமெடுக்கலாமா என்று சனம் கொதித்தது. அந்தப் பெண் சாகவில்லை, நடித்தாள் என்று தெரிந்தபின் அதற்கும் குறை சொன்னது. எங்கள் பெரியப்பாவின் கோட்டை நினைத்துக்கொண்டேன்.

இலங்கையிலும் இது புதிதில்லை. கொழும்பில் லயனல் வெண்ட் என்று ஒருவர் இருந்தார். 1900இல் பிறந்தவர், சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர், கடைசியில் கமராவைப் பிடித்துக்கொண்டவர். இருட்டறையில், படம் துலங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு கணம் விளக்கைப் போட்டு அணைத்தால், இருளும் வெளிச்சமும் அரைகுறையாக இடம் மாறி, உருவத்தைச் சுற்றி ஒரு கோடு எழும். சோலரைசேஷன் என்பார்கள். அவர் அதையும் செய்தார். பல நெகட்டிவ்களைச் சேர்த்தும் செய்தார். 1938இல் லண்டனில் தனிக் கண்காட்சி வைத்தார். 1943இல் '43 குழு' என்ற ஓவியர் கூட்டம் உருவாக முன்னின்றார். அடுத்த வருசமே, 44 வயதில் போய்ச் சேர்ந்தார். இறந்தபின் அவருடைய நெகட்டிவ்களை அழித்துவிட்டார்கள். இன்றைக்குக் கொழும்பில் அவர் பெயரில் நாடக அரங்கு இருக்கிறது. அங்கே நாடகம் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் ஒரு படக்காரர் என்று தெரியும்?

பொடியனுக்கு இதெல்லாம் ஏறவில்லை. போனைப் பற்றிச் சொன்னதுதான் ஏறியது. அவன் ஒருமுறை அமத்தினால் போன் பல படங்களை வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்து, ஒவ்வொன்றிலும் நல்லதைப் பொறுக்கி ஒன்றாக்கித்தான் கொடுக்கிறது. லு கிரே இருட்டறையில் செய்ததை அது கண்மூடித் திறப்பதற்குள் செய்கிறது. 2023இல் ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் போட்டு, அறையை இருட்டாக்கி, சாம்சுங் போனால் அதை எடுத்துக் காட்டினார். மங்கல் படத்தில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் போன் எடுத்த படத்தில் வந்து நின்றன. பொடியன் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப என்ட மூஞ்சி?" என்றான். கூட்டாளிகள் சிரித்தார்கள்.

நிலா என்றதும் கண்காட்சியின் மோசமான பகுதிக்கு வர வேண்டியிருக்கிறது. விறாந்தையில் ஆறேழு படங்கள். வாவிக்கு மேல் தென்னை உயரத்துக்கு ஒரு நிலா, அதற்குக் கீழே ஒற்றைத் தோணி, தண்ணீரெல்லாம் ஊதா. இன்னொன்றில் தண்ணீருக்குள் இருந்து வீணையோடு எழும்புகிற மீன்மகள். பாடும் மீனை வைத்து இந்த ஊரில் செய்யாத அநியாயம் கிடையாது. சந்திக்குச் சந்தி சிலை, கடைக்குக் கடை சின்னம். பௌர்ணமி இரவில் தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்துக் கேட்கிற ஒரு மெல்லிய சத்தம் அது. கண்ணால் பார்க்கிற விஷயமே இல்லை. அதைப் போய் ஊதா நிறத்தில் நகை போட்டுக் காட்டினால் என்ன மிஞ்சும்? இங்கே தம்பியின் பகல் வேலை உள்ளே வந்துவிட்டது. பிஸ்கட்டுக்குப் போட்ட பளபளப்பு வாவிக்கு.

விற்றதும் அவைதான். சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது எல்லாம் விறாந்தையில். ஒரு ஹோட்டல்காரர் மூன்றை எடுத்துக்கொண்டாராம். "அதில வந்த காசிலதான் மத்தப் படங்களுக்கு ஃபிரேம் அடிச்சன்" என்றார் தம்பி. அதற்கு நான் என்ன சொல்ல?

இரண்டாவது அறையில் கோட்டு.

தம்பி வீடு வீடாகப் போய், சுவரில் மாட்டியிருந்த அந்த ஸ்டூடியோப் படங்களை வீட்டாரின் அனுமதியோடு ஸ்கேன் பண்ணி எடுத்திருக்கிறார். கோட்டையும் நீலத்தையும் அப்படியே விட்டுவிட்டு, ஒட்டு விழுந்த இடத்தை மட்டும் வெளியே கொண்டுவந்திருக்கிறார். ஸ்டூடியோக்காரர் தேய்த்து மறைத்த கழுத்துக்கோட்டைத் திரும்ப வெட்டிக் காட்டியிருக்கிறார். அந்த வெட்டுக்கு மேலே அடையாள அட்டையின் கறுப்பு வெள்ளை, அதன் புள்ளி, ஒரு மூலையில் லேமினேட்டின் மஞ்சள். கீழே வழுவழு நீலக் கோட்டு. வரிசையாக மாட்டியபோது, தலைகள் மாறி மாறி வர, கோட்டு மட்டும் மாறாமல் அறையைச் சுற்றி வருகிறது. ஒரு படத்தில் அட்டையில் இருந்த பழைய சட்டையின் கொலர் நூலளவு தப்பியிருக்கிறது. கோட்டுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறது. அந்தக் கொலர் கிழிந்து, கையால் தைத்திருக்கிறது. ஸ்டூடியோக்காரர் அதைக் கவனிக்கவில்லை. தம்பி கவனித்திருக்கிறார், அதைத் தொடவில்லை.

நானா அந்த அறையில்தான் அதிக நேரம் நின்றார். அவர் வீட்டில் ஆட்களின் படம் மாட்டுகிற வழக்கம் இல்லை. ஆனால் நாற்பது வருசமாக மற்றவர்களின் அப்பா அம்மாவுக்கு ஃபிரேம் அடித்தவர். "இந்தக் கோட்ட எனக்குத் தெரியும் தம்பி. எத்தின தரம் இதுக்குக் கண்ணாடி வெட்டியிருப்பன்" என்றார். சுனாமிக்குப் பிறகான மாதங்களில் ஃபிரேமுக்கு மரம் தட்டுப்பாடாகி, அளவு குறைத்து அடித்த கதையும் சொன்னார்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருந்தார்கள். தலைப்பு கிடையாது. இரண்டே வரி. பாலத்துக்குக் கீழே: 'அழித்தது: இரண்டு பாலங்கள், ஒரு மின்கம்பம். சேர்த்தது: வேறு நாளின் பனி.' கோட்டு அறையில்: 'அழித்தது: ஒன்றுமில்லை. சேர்த்தது: ஒட்டுக்கோடு.' மீன்மகளுக்குக் கீழே, பாவம், இடம் போதாமல் மூன்றாவது வரிக்குப் போயிருந்தது.

சித்திரம் படிப்பிக்கிற ஒரு சேருக்கு இந்த அட்டைகள் பிடிக்கவில்லை. வித்தையைக் காட்டிவிட்டு அது எப்படி என்றும் சொன்னால் பிறகு என்ன இருக்கிறது என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கலைப்படம் என்று மாட்டினால், அது எப்படிப் பிறந்தது என்று கணக்கு ஒப்புவிக்கத் தேவையில்லை. செய்திப் படத்துக்குத்தான் அந்தக் கணக்கு. நேஷனல் ஜியோகிரபிக் 1982இல் அட்டைப்படத்துக்குள் அடங்கட்டும் என்று எகிப்தியப் பிரமிட்டைக் கணினியில் கொஞ்சம் நகர்த்தி வாங்கிக் கட்டிக்கொண்டது. 2015இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் இறுதிக் கட்டத்துக்கு வந்தவற்றில் ஐந்தில் ஒரு பங்கை, சேர்த்ததற்காகவும் அழித்ததற்காகவும் வெளியே தள்ளினார்கள். அங்கே அது வேண்டும்.

ஆனால் கண்காட்சி நடப்பது மட்டக்களப்பில். இங்கே ஒரு படத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது பல வீடுகளில் இன்னும் தீராத கேள்வி. 1990 செப்டம்பர் 5இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களிலிருந்து 158 பேரைக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. விசாரணைக்குப் போன தாய்மாரின் கையில் இருந்தது ஒரு படம்தான். அப்படியொரு ஊரில் சுவரில் ஆட்களை அழித்த படம் மாட்டினால், அழித்தேன் என்று எழுதித்தான் ஆக வேண்டும். அட்டை விஷயத்தில் நான் தம்பியின் பக்கம்.

எனக்கும் அவருக்கும் முரண்பட்டது கடைசிப் படத்தில்.

காந்தி பூங்காவுக்கு முன்னால், தார் ரோட்டு ஓரத்தில் தாய்மார் உட்கார்ந்திருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்கள் மடியில். ஒருவர் சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்திருக்கிறார். ஒரு சோடாப் போத்தல், ஒரு மடித்த குடை. எல்லாம் கூர்மையாக விழுந்திருக்கிறது. மடியில் இருக்கிற படங்கள் மட்டும் வெள்ளை. வெறும் வெள்ளைச் சதுரங்கள். அட்டையில்: 'அழித்தது: முகங்கள். சேர்த்தது: ஒன்றுமில்லை.'

நல்ல படம். அதுதான் என் பிரச்சினை. அந்தத் தாய்மார் ஏந்துகிற படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? நான் பார்த்த அளவில் அவற்றில் கோட்டு இல்லை. நீலம் இல்லை. பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் புள்ளி புள்ளியாகச் சிதறுகிற அளவுக்குப் பெருப்பித்திருப்பார்கள். பள்ளிக்கூடச் சட்டையோடு, அரும்பு மீசையோடு, ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் விறைத்துப்போய் நிற்கிற பொடியன்கள். மாலை போட மாட்டார்கள். போட்டால் செத்துப்போனான் என்று ஆகிவிடும். ஊர் முழுக்கச் செத்தவர்களுக்குக் கோட்டுப் போட்டு அழகு பார்த்தபோது, தங்கள் பிள்ளைக்கு மட்டும் அதைப் போட மாட்டோம் என்று நின்றவர்கள் இவர்கள். இந்த ஊரில் யாரும் தொடாமல் விட்ட படங்கள் இவைதான். அதில் போய்க் கை வைக்கலாமா என்று கேட்டேன்.

தம்பியிடம் பதில் இருந்தது. இரண்டு பேர் தங்கள் பிள்ளையின் முகத்தைக் கண்காட்சியில் போட வேண்டாம் என்றிருக்கிறார்கள். அவர்களுடையதை மட்டும் அழித்தால் அவர்களைச் சுட்டிக்காட்டின மாதிரி ஆகிவிடும் என்று எல்லாவற்றையும் அழித்திருக்கிறார். சரி, அது அட்டையில் ஏன் இல்லை என்றேன். அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னார். படத்தில் இருக்கிற அம்மாக்களில் ஒருவர் முதல் நாள் வந்திருக்கிறார். தன் மடியில் இருந்த வெள்ளைச் சதுரத்தில் விரலை வைத்து, "இதுதான் என்ட மகன்" என்று தொடங்கி, பெயர், வயது, படித்த பள்ளிக்கூடம், கொண்டுபோன நாள், அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டையின் நிறம் என்று அறையில் நின்ற எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். முகம் இருந்திருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள் அண்ணே, இப்ப கேட்டார்கள் என்றார் தம்பி.

அவர் வந்து நின்றால் சரி, வராத நாட்களில் இது என்ன சொல்லும் என்று கேட்டேன். கொழும்பில் எவருடைய வரவேற்பறையிலோ மாட்டினால் வெள்ளைச் சதுரங்கள் ஒரு ஸ்டைல், அவ்வளவுதான். இதை விற்கவில்லை என்றார். விற்காததால் மட்டும் சரியாகிவிடாது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது; நானா தேத்தண்ணி வாங்கி வரச் சொல்லிச் சமாதானம் பண்ணினார்.

முடிவாக ஒன்றுக்கு மட்டும் தம்பி ஒத்துக்கொண்டார். ஓகஸ்ட் 30, காணாமல் ஆக்கப்பட்டோர் தினத்துக்கு அந்தத் தாய்மார் கூடுவார்கள். அன்றைக்குப் படத்தை அங்கே கொண்டுபோய் அவர்கள் எல்லோருக்கும் காட்டி, அவர்கள் சொல்வதை அட்டையில் எழுதுவது. படத்தையே வேண்டாம் என்றால் அதையும் கேட்பது. லீவு கிடைத்தால் வருகிறேன் என்றிருக்கிறார். அந்தப் படத்துக்கு மட்டும் நானா கூலி வாங்காமல் கண்ணாடி மாற்றிக் கொடுக்கிறார், சன்னல் தெரியாத வகைக் கண்ணாடி, கொழும்பிலிருந்து எடுப்பித்து.